ரசத்துக்குள் ஒரு குடும்பம்

விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் கீரைக் கட்டுகள் வந்து இறங்க ஆரம்பித்துவிடும். 1928-ல் எழுந்த அந்தப் பழைய கட்டடத்தைச் சுற்றி ஈரச் சாக்குகளின் மேல் புதினா, வெந்தயக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் குவிந்து கிடக்கும். சூளகிரிப் பக்கத்துக் கொத்தமல்லியும் எல்லை தாண்டி வந்திருக்கும். இவற்றுக்கு நடுவே நூல் நூலாகப் பிரிந்த இலையோடு, சற்றே நீலம் பூத்த பச்சையில் இன்னொரு கட்டு இருக்கும். கையில் எடுத்த மாத்திரத்தில் விரலெல்லாம் மணக்கும்.

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வேலைக்காக வந்து குடியேறியவர்கள் முதல் தடவை அதை முகர்ந்துவிட்டுத் திகைப்பார்கள். சோம்பு மாதிரி இருக்கிறது, ஆனால் சோம்பு இல்லை. சீரகம் லேசாக எட்டிப் பார்க்கிறது, சீரகமும் இல்லை. இலையோ கேரட் இலையைப் போலவே இருக்கிறது. மூன்று சந்தேகமும் நியாயமானவை. மூன்றுமே அதற்கு நெருங்கிய சொந்தம்.

அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. கன்னடத்தில் சொல்கிறபடியே ‘சப்சிகே சொப்பு’ என்று கேட்டு வாங்கி, பருப்போடு கடைந்தோ வடையில் கிள்ளிப் போட்டோ முடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் இதே செடியின் விதையைச் சதகுப்பை என்று நாட்டு மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். பிள்ளை பெற்ற வீட்டுப் பாட்டிகளுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் கீரையாக அது அங்கே அடுப்பேறுவது அரிது. அத்திப்பள்ளி எல்லைக்கு ஒரு பக்கம் அன்றாடச் சாப்பாடு, மறுபக்கம் மருந்து. ஒரு சிறு பேருந்துப் பயணத்தில் ஒரு செடியின் தலையெழுத்து இப்படி மாறிப்போவது வருத்தமான விஷயம்தான்.

குடை விரிக்கும் செடிகள்

சோம்பு, சீரகம், கொத்தமல்லி, ஓமம், பெருங்காயம், சதகுப்பை, கேரட், செலரி, பார்ஸ்லி. தாவரவியல் கணக்கில் இவை அத்தனையும் ஒரே குடும்பம். 3,700-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட ஏபியேசி குடும்பம் அது. இவற்றின் பூக்கள் கொத்தாகப் பூக்கும் விதம்தான் உறவுக்கு முதல் அடையாளம். தண்டின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து பல காம்புகள் கிளம்பி, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் பூக்களை ஏந்தி நிற்கும். விரித்த குடையின் கம்பிகளைப் பார்த்தால் போதும், புரிந்துவிடும். ராபர்ட் மோரிசன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் 1672-ல் இந்தக் குடைச் செடிகளுக்கென்றே தனி நூல் எழுதினார். ஒரு தாவரக் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட முதல் நூல் அதுதான்.

இரண்டாவது அடையாளத்தை அஞ்சறைப் பெட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். நாம் சோம்பு விதை, சீரக விதை என்று சொல்பவை உண்மையில் முழுக் கனிகள். உலர்ந்ததும் ஒவ்வொரு கனியும் சரிபாதியாக இரண்டாகப் பிளக்கும். ஒரு தனியாவை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு கிண்ணங்களாகப் பிரிவதைப் பார்க்கலாம். சோம்பின் முதுகில் ஓடும் வரிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் இருக்கின்றன. வாசனை எண்ணெய் முழுக்க அவற்றுக்குள்தான் அடைந்து கிடக்கிறது.

இப்போது ஒரு ரசத்தை எடுத்துக்கொள்வோம். பொடியில் தனியா, சீரகம். கொதிக்கும்போது ஒரு சிட்டிகை பெருங்காயம். இறக்கியதும் மேலே கொத்தமல்லித்தழை. புளி, தக்காளி, மிளகு, மிளகாயை விட்டுவிட்டால் ரசத்தின் மணம் பெரும்பாலும் இந்த ஒரு குடும்பம் கொடுப்பதுதான். பெங்களூரு வீடுகளில் ராமநவமிக்குச் செய்யும் கோசம்பரியும் அப்படித்தான். ஊறவைத்த பாசிப்பருப்பில் துருவிய கேரட், நறுக்கிய கொத்தமல்லி, தாளிப்பில் பெருங்காயம். வேர், இலை, பால் என்று ஒரே குடும்பத்தின் மூன்று உறுப்புகள் ஒரு கிண்ணத்தில் சேர்ந்துவிடுகின்றன.

இந்த உறவை அறிந்துகொள்வதால் சமையலில் என்ன லாபம்? நிறையவே இருக்கிறது. இந்தக் குடும்பத்து மணங்கள் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் வெறுமனே கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். எண்ணெயிலோ நெய்யிலோ சில நொடிகள் பொரியவிட்டால் மணம் கொழுப்பில் இறங்கித் தங்கும். தாளிப்பு என்ற வழக்கம் இந்தச் செடிகளுக்கென்றே பிறந்தது போல இருக்கிறது.

அவரையும் சப்சிகேயும்

பெங்களூரு சமையலில் சதகுப்பைக் கீரை உச்சத்துக்குப் போவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அது அவரைக்காய்க் காலம். தமிழ்நாட்டில் மொச்சை என்று சொல்லும் பயறின் பச்சைக் காய்தான் இங்கே அவரேகாய். பனிக் காலத்தில் காயின் தோலில் பிசுபிசுப்பாக ஒரு எண்ணெய்ப் பசை படியும். உரித்து முடித்த பிறகும் விரலில் அந்த வாசம் போகாது. கன்னடக்காரர்கள் இதைச் சொகடு என்பார்கள், காயை முகர்ந்து பார்த்துச் சொகடு இருந்தால்தான் பையில் போடுவார்கள். மாகடிப் பக்கத்திலிருந்து வரும் காய்க்கு இந்த விஷயத்தில் தனி மதிப்பு.

இந்தப் பருவத்தைக் கொண்டாடவே வி.வி. புரத்தில் ஒரு மேளா பிறந்தது. சஜ்ஜன் ராவ் சர்க்கிள் அருகே உள்ள வாசவி காண்டிமென்ட்ஸ் கடைக்காரர்கள் 2000-ல் தொடங்கிய அவரேபேளே மேளா அது. அவரை போட்ட தோசை, உப்புமா, ஹோளிகே, ஜிலேபி வரை அங்கே கிடைக்கும். உணவுத் தெருவில் கூட்டம் தாங்க முடியாமல் போக, 2023-ல் அதைப் பசவனகுடி நேஷனல் கல்லூரி மைதானத்துக்கு மாற்றினார்கள்.

ஆனால் அவரையின் அருமையை அறிய, சாறு என்று கன்னடத்தில் சொல்லும் வீட்டுக் குழம்புதான் சரியான இடம். பருப்பை இரவே ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்தில் பிதுக்குப் பருப்பு என்று சொல்வார்களே, அதேதான். தேங்காய், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லித்தழை, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு அரைத்துச் சேர்த்துக் கொதிக்கும்போது, பொடியாக நறுக்கிய சப்சிகே ஒரு கை நிறைய விழும். அவரை வாயுப் பண்டம், சப்சிகே வாயுவைக் கலைக்கும் என்பது வீட்டுப் பெரியவர்கள் கணக்கு. சுவைக் கணக்கும் ஒன்று உண்டு. அவரையின் மாவுத்தன்மை நாக்கில் கனமாக உட்காரும். அந்தக் கனத்தை இந்தக் கீரையின் கூர்மையான மணம் உடைக்கிறது. களியோடு சாப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

அந்தப் பெரியவர்களின் கணக்கு கடலுக்கு அப்பாலும் இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் 1851-ல் தயாரித்த கிரைப் வாட்டரில் சதகுப்பை எண்ணெய் முக்கியச் சரக்கு. இன்று இந்தியாவில் விற்கும் பாட்டிலிலும் அது இருக்கிறது. தமிழ் வீடுகளில் குழந்தையின் வாயில் போன அந்த இனிப்புத் தண்ணீரின் வாசனையும் சப்சிகேயின் வாசனையும் ஏன் ஒத்துப்போகின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

சப்சிகேயை முதல் முறையாகச் சமைக்க விரும்பும் தமிழ் வீட்டுக்கு அக்கி ரொட்டியைச் சிபாரிசு செய்யலாம். அரிசி மாவில் துருவிய கேரட், நறுக்கிய வெங்காயம், சப்சிகே, கொத்தமல்லி, பச்சை மிளகாய், ஒரு ஸ்பூன் சீரகம், உப்பு சேர்த்து வெந்நீர் விட்டுப் பிசைய வேண்டும். எண்ணெய் தடவிய ஆறிய தவாவிலேயே உருண்டையை வைத்து, விரலால் மெல்லியதாகத் தட்டிப் பரப்ப வேண்டும். நடுவிலும் ஓரத்திலும் விரலால் துளைகள் போட்டு அவற்றில் எண்ணெய் விட்டு, பிறகு அடுப்பில் ஏற்றி மூடிவைக்க வேண்டும். அடுத்த ரொட்டிக்குத் தவா மறுபடி ஆறியாக வேண்டுமே! அதனால்தான் கன்னட வீடுகளில் இரண்டு தவா வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள். கேரட், சப்சிகே, கொத்தமல்லி, சீரகம் என்று இந்தக் குடும்பத்தில் நான்கு பேர் அந்த ஒரு ரொட்டிக்குள் இருக்கிறார்கள்.

இன்னொன்று நுச்சினுண்டே. ஊறிய துவரம்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, சப்சிகேயும் தேங்காயும் சேர்த்துப் பிடித்து, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைப்பது. நெய் ஊற்றிச் சாப்பிடலாம், மோர்க்குழம்பும் நன்றாகச் சேரும். நம் பருப்பு உசிலிக்கு எண்ணெய் குறைந்த உறவு என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

சோம்பு எந்த ஊர்?

சோம்பு தமிழ்ச் சமையலில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி நுழையவில்லை. மசால் வடை, குருமா, சால்னா, கோலா உருண்டை, செட்டிநாட்டுக் கோழி என்று மசாலா மணக்கும் இடமெல்லாம் அது இருக்கும். பிராமண வீட்டுச் சமையலில் சீரகத்துக்குக் கிடைத்த இடம் சோம்புக்குக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அதன் பெயர் பெருஞ்சீரகம், கறித்தூளில் அது இல்லாவிட்டால் கறி கறியாகாது. வடக்கே போனால் காஷ்மீரப் பண்டிதர்கள் சோம்புப் பொடியையும் சுக்குப் பொடியையும் வைத்தே வெங்காயம் பூண்டு இல்லாமல் ஆட்டுக்கறி சமைக்கிறார்கள். வங்காளத்தின் பாஞ்ச் போரனிலும் சோம்பு உண்டு.

உலகிலேயே சோம்பு அதிகம் விளைவது இந்தியாவில்தான். குஜராத்தும் ராஜஸ்தானும் அதன் தாய்வீடு போல. சீரகமும் அங்கேதான். குளிர்ந்த, வறண்ட, மேகமில்லாத குளிர்காலம் சீரகத்துக்கு வேண்டும் என்பதால் தெற்கே அதைப் பெரிதாகப் பயிரிட முடிவதில்லை. குஜராத்தின் ஊஞ்ஜா சந்தையில் சீரகத்துக்கும் சோம்புக்கும் போடப்படும் விலைதான் பெங்களூரு அவென்யூ ரோட்டுப் பக்கத்து மளிகை மண்டி வரை எதிரொலிக்கிறது. தனியா மட்டும் நமக்கு அருகே. விளாத்திகுளம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் அது மானாவாரியாக விளைகிறது.

உணவகங்களில் சாப்பிட்டு முடித்ததும் கல்கண்டோடு வரும் மெல்லிய பச்சைச் சோம்பு வேறு செடியா என்று பலர் கேட்பதுண்டு. செடி அதேதான். கனி முற்றுவதற்கு முன்பே கொத்தைக் கொய்து நிழலில் உலர்த்தினால் அந்த லக்னோ சோம்பு. முற்றவிட்டு அறுத்தால் குருமாவுக்குப் போகும் தடித்த சோம்பு. இரண்டையும் இடம் மாற்றிப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. மெல்லியது வாயில் கரையும், ஆனால் குழம்பில் நிற்காது.

சோம்பின் இனிப்புக்குக் காரணம் அனெத்தோல் என்ற பொருள். சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு அது. அதனால்தான் காரக் குழம்பில் அரை ஸ்பூன் சோம்பு அரைத்துவிட்டால் காரம் குறையாமலேயே நாக்கு இளகுகிறது. எண்ணெய் புகையும் அளவுக்குச் சூடாக இருக்கும்போது சோம்பைப் போட்டால் கருகிக் கசக்கும். மிதமான சூட்டில் பட்டை, கிராம்புக்குப் பிறகு கடைசியாகப் போடுவதே சரி.

இதே அனெத்தோல் அன்னாசிப்பூவிலும் இருக்கிறது. வாசனையை வைத்து அதைச் சோம்பின் உறவு என்று நினைப்பது இயல்பு, ஆனால் அன்னாசிப்பூ வேறு குடும்பத்து மரத்தின் காய். கருஞ்சீரகமும் அப்படியே, பெயரில்தான் சீரகம். ஓமவல்லி என்றும் கற்பூரவல்லி என்றும் சொல்லும் தடித்த இலையில் ஓம வாசனை அடிக்கும், அதுவோ துளசி, புதினாவின் குடும்பம். பெங்களூருவின் காலி மனைகளில் எல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தைக் கேரட் புல் என்றும் சொல்வார்கள். இலை அப்படி ஏமாற்றும். அது சூரியகாந்திக் குடும்பத்து ஒவ்வாமைக் களை. அதைத் தின்ன வைப்பதற்காக, ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1983-ல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டையே வரவழைத்தது.

இலையின் சாயலை நம்பிக் காட்டுச் செடியைப் பறிப்பது ஆபத்து என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி. கி.மு. 399-ல் சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட ஹெம்லாக் நஞ்சும் குடைப்பூச் செடிதான்.

எதிர்பாராத சொந்தம் ஒன்றும் உண்டு: வல்லாரை. நூல் இலையும் இல்லை, நிமிர்ந்த தண்டும் இல்லை, தரையோடு படர்கிறது. ஆனாலும் மண்ணருகே அது விடும் சின்னஞ்சிறு பூங்கொத்து குடைதான். கன்னடத்தில் ஒந்தெலகா. அதைத் தேங்காய், சீரகம், மிளகோடு பச்சையாக அரைத்து மோரில் கரைத்து, நெய்யில் சீரகம் தாளித்தால் தம்புளி. வெயில் காலத்து மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட எளிமையானது எதுவும் இல்லை.

பெருங்காயத்தின் கதை தனி. ஆப்கானிஸ்தான், ஈரான் மலைகளில் வளரும் ஃபெருலா செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால்தான் அது. சாம்பாரும் ரசமும் தினமும் கொதிக்கும் இந்த நாடு அதை முழுக்க முழுக்க இறக்குமதி செய்தே வந்திருக்கிறது. பாலம்பூரில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் குவாரிங் கிராமத்தில் முதல் கன்றை நட்டது 2020 அக்டோபரில்தான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ அரிசி மாவோ கருவேலம் பிசினோ கலந்தே இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்.

கிழங்கு போல ஒரு சோம்பு

சில வருடங்களாக இந்திரா நகர், கோரமங்களா பக்கத்துக் குளிரூட்டிய காய்கறிக் கடைகளில் ஒரு புதுக் காய் தென்படுகிறது. வெள்ளையாக, உள்ளங்கை அளவில், வெங்காயத்தைத் தட்டையாக அமுக்கியது போல அடிப்பாகம், மேலே செலரித் தண்டு, நுனியில் சப்சிகே மாதிரி இலை. இத்தாலியர்கள் வளர்த்தெடுத்த சோம்பு வகை இது. கிழங்கு என்று பார்த்தவர்கள் சொல்வார்கள், ஆனால் அது மண்ணுக்கு மேலே இலைக் காம்புகளின் அடி பருத்து ஒன்றையொன்று அணைத்து நிற்பது.

இதை மேல்நாட்டு சாலட்டுக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டாம். மெல்லியதாகச் சீவி, கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய் தாளித்து, மூடாமல் நான்கைந்து நிமிடம் வதக்கித் தேங்காய் தூவினால் அருமையான பொரியல். முட்டைக்கோஸ் பொரியலின் பதம்தான், கூடவே சோம்பின் இனிப்பு. பச்சையாகவே கேரட்டோடு கோசம்பரியில் சேர்க்கலாம், எலுமிச்சைச் சாறு அதற்கு நன்றாகப் பொருந்தும். தண்டு நார் நிறைந்தது, சாம்பாரிலோ காய்கறி வேகவைக்கும் தண்ணீரிலோ போடலாம். இலையை மசால் வடை மாவில் கலந்துவிடலாம். நடுத்தண்டு கெட்டியாக இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

கொத்தமல்லித்தழை சோப்பு நாற்றம் அடிக்கிறது என்று ஒதுக்குபவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களைத் திட்டுவதில் நியாயமில்லை. 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று இந்த வெறுப்பை வாசனை உணரும் மரபணு ஒன்றோடு தொடர்புபடுத்தியது. தழையின் மணம் தரும் ஆல்டிஹைடுகள் வேறு, தனியாவின் மணம் தரும் லினலூல் வேறு. தழையைச் சகிக்காத நாக்கு தனியாப் பொடியை ரசித்துச் சாப்பிடுவதும் இதனால்தான். அப்படிப்பட்டவர்களுக்குச் சமைக்கும்போது மேலே தூவச் சோம்பு இலையோ சப்சிகேயோ நல்ல மாற்று.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூருவின் குளிர்காலம் இந்தச் செடிகளுக்கு மிகவும் பிடிக்கும். மாலூர், கோலார்ப் பக்கத்துக் கேரட் வயல்களுக்கு மட்டுமல்ல, மொட்டை மாடிக்கும் அது பொருந்தும். நகரத்தின் மாடித் தோட்டக்காரர்கள் 2011 முதல் ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ என்று சந்தை கூடி விதையும் அனுபவமும் மாற்றிக்கொள்கிறார்கள். சோம்பும் சப்சிகேயும் கொத்தமல்லியும் தொட்டியில் நன்றாக வருபவை. அக்டோபர், நவம்பரில் விதைக்கலாம். மூன்றுக்கும் ஆணிவேர் என்பதால் நாற்றுப் பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும், நேராகவே தொட்டியில் விதைக்க வேண்டும். தனியாவைத் தேய்த்து இரண்டாக உடைத்த பிறகு விதைக்கும் பழைய வழக்கம் ஏன் வந்தது என்பது இப்போது விளங்கும். ஒரு கனிக்குள் இரண்டு விதைகள் அல்லவா. ஒவ்வொரு பாதியும் தனிச் செடியாகும்.

எல்லாவற்றையும் கீரையாகவே பறித்துவிடாமல் நான்கு செடிகளைப் பூக்க விட்டால் மஞ்சளும் வெள்ளையுமாகக் குடைகள் விரியும், தேனீ வரும். கொத்தமல்லிக் குடையில் காய் பிடித்து, இன்னும் பச்சையாக, உருண்டையாக இருக்கும்போது பறித்துவிட வேண்டும். தழையின் மணமும் தனியாவின் மணமும் ஒன்றாக இருக்கும் பருவம் அது. எந்தக் கடையிலும் கிடைக்காத அந்தப் பச்சைத் தனியாவை ஒரு கைப்பிடி எடுத்து, பச்சை மிளகாய், உப்பு, துளி புளியோடு அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கினால் சுடு சோற்றுக்குத் துவையல் தயார்.